பிபி இருந்தால் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறத் தாமதமாகுமா?

தென்றல்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 56. பிபிக்கு டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 இரண்டும் எடுத்து வருகிறேன். கீழ்த்தாடையில் இடது பக்க முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்பே ரூட் கேனல் செய்து கேப் போட்டிருந்தது. அதன் வேரில் விரிசல் விழுந்துவிட்டது, இனி காப்பாற்ற முடியாது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது.

வலி இல்லை, சீழ் இல்லை. ஈறு மூடிவிட்டது. ஆனால் விரலால் தடவினால் அந்த இடம் பள்ளமாக, கன்னப் பக்கம் உள்வாங்கியது போல் இருக்கிறது. இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைக்கலாமா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் இருந்த இடம் கறுப்பாகவே தெரிகிறது. "எலும்பு இன்னும் நிரம்பவில்லை, உங்களுக்கு பிபி வேறு இருக்கிறது, பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார் டாக்டர். அந்த "பிபி வேறு" என்ற வார்த்தைதான் மனதைக் குடைகிறது. அன்று அங்கே பார்த்தபோது 164/98. வீட்டில் காலையில் பார்த்தால் 138 முதல் 146 வரை இருக்கும்.

பிபியால் எலும்பு ஆறாமல் போகுமா? மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வானம்பாடி62:

எனக்கும் இதே பல், இதே பிபி. இரண்டாவது மாதப் படத்தில் கறுப்பாகத்தான் இருந்தது. ஆறாவது மாதம் எடுத்ததில் பக்கத்து எலும்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்கள். அப்புறம், சர்க்கரை, புகைப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லையே?

ஈறும்எலும்பும்:

வாய் அறுவை சிகிச்சைதான் என் தொழில். உங்கள் வாயைப் பார்க்காமல் உங்களுக்கு என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கறுப்பு எதனால் தெரிகிறது என்பதை விளக்கினால் பாதிக் கவலை தீரும் என்று நினைக்கிறேன்.

பல் வெளியே வந்ததும் குழி முழுக்க ரத்தம் நிரம்பி உறைகிறது. கட்டட வேலைக்குச் சாரம் கட்டுவது போலத்தான் அந்த உறைவு. அதைப் பிடித்துக்கொண்டுதான் புது ரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே வருகின்றன. முதல் வாரத்துக்குள் உறைவு கரைந்து, சிவந்த மென்மையான திசு அந்த இடத்தைப் பிடிக்கிறது. இரண்டாம் வாரம் வாக்கில் குழியின் அடியிலும் ஓரத்திலும் புது எலும்பு துளிர்க்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் குழியின் பெரும்பகுதியில் இளம் எலும்பு வந்துவிடும். ஆனால் அது ஒழுங்கில்லாமல் பின்னப்பட்ட, சுண்ணாம்புச் சத்து குறைந்த எலும்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அடுக்கடுக்கான உறுதியான எலும்பாக உடல் மாற்றி எழுதுவதற்குப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

எக்ஸ்ரே படத்துக்கு அந்த இளம் எலும்பு சரியாகத் தெரியாது. கணிசமான அளவு சுண்ணாம்புச் சத்து சேர்ந்த பிறகுதான் படத்தில் வெள்ளையாகும். ஆகவே இரண்டாம் மாதத்தில் கறுப்பாகத் தெரிவது நோய் இல்லை. பிபி இல்லாத, புகைபிடிக்காத முப்பது வயதுக்காரருக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். பழைய குழியின் ஓரக் கோடு மட்டும் நான்கு, ஐந்து மாதம் வரை படத்தில் நிற்பதும் உண்டு.

அடுத்தது நீங்கள் சொன்ன பள்ளம். இதற்கும் பிபிக்கும் சம்பந்தமில்லை. பல்லைச் சுற்றியிருக்கும் உட்புற எலும்பு, பல்லோடு சேர்ந்த நாரிலிருந்து ரத்தம் வாங்கி வாழ்வது. பல் போனால் அந்த நாரும் போகிறது, அந்த மெல்லிய எலும்பும் கரைகிறது. கன்னப் பக்கச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது, அதனால் இழப்பு அங்கேதான் அதிகம் தெரியும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் அகலம் சராசரியாக 3.8 மில்லிமீட்டரும் உயரம் 1.2 மில்லிமீட்டரும் குறைகிறது. அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. குழி உள்ளே நிரம்புவதும் வெளியே சுவர் தேய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பள்ளம் தென்படுகிறது என்பதற்காக உள்ளே ஆறவில்லை என்று நினைக்க வேண்டாம்.

நான் கவலைப்படும் விஷயங்கள் வேறு. வானம்பாடி கேட்டதுதான் முதலில்: சர்க்கரை, புகை. அதற்கும் மேலாக, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்து எடுத்திருக்கிறீர்களா? தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்ததுண்டா? ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்ததுண்டா? இவை எதுவும் இல்லை என்றால் என் மனம் பாதி நிம்மதியாகிவிடும்.

தென்றல்காற்று:

ரொம்ப நன்றி டாக்டர். புகை கிடையாது. நீங்கள் சொன்ன மருந்துகள் எதுவும் எடுத்ததில்லை, கதிர்வீச்சும் இல்லை. சர்க்கரை போன வருடம் பார்த்தபோது எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு பார்க்கவில்லை.

ஈறும்எலும்பும்:

எச்பிஏ1சி என்ற, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று பாருங்கள். பிபியைவிட அந்த எண்ணைத்தான் இம்ப்ளான்ட் வைப்பவர் முதலில் கேட்பார்.

நுண்ணோக்கி:

எலும்புச் செல்களை ஆராயும் கூடத்தில் வேலை பார்க்கிறேன், நோயாளிகளைப் பார்ப்பவன் அல்ல. "பிபி வேறு" என்று உங்கள் டாக்டர் சொன்னது ஆதாரமே இல்லாத பேச்சு இல்லை. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிறவியிலேயே பிபி ஏறும் ஒரு வகை எலிகள் உண்டு. 1963இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒகமோட்டோ, ஆவோகி என்ற இருவர் உருவாக்கிய இனம் அது. விலங்குகளை வைத்து நடக்கும் பிபி ஆராய்ச்சியில் உலகம் முழுக்க அந்த எலிகளை நிறையப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்குப் பல் எடுத்துப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிடக் குழியில் எலும்பு உருவாவது தாமதமாகியிருந்தது. காரணம் என்று பார்த்தால், பிபியை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் எலும்பிலும் வேலை செய்கிறது. எலும்பைக் கட்டும் செல்களை அது தூண்ட, அவை ராங்க்-எல் என்ற புரதத்தை அதிகம் வெளியிடுகின்றன. அந்தப் புரதம் எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கிவிடும். போதாததற்கு, பிபி உள்ளவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரும் நாளடைவில் விறைத்துப்போகிறது. ஆறும் எலும்புக்கு முதலில் வேண்டியது புது ரத்தக் குழாய்கள்தானே.

மனிதர்களிடம்? வயதான பெண்களைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், பிபி அதிகமாக இருந்தவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி சற்று வேகமாகக் குறைந்தது. அது தாடை இல்லை, பல் எடுத்த குழியும் இல்லை. ஆனால் திசை ஒன்றுதான்.

இங்கேதான் எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த எலிகள் மருந்து எடுக்காதவை. நீங்கள் எடுக்கிறீர்கள். 2016இல் வந்த ஓர் ஆய்வில் 728 பேருக்கு வைத்த 1,499 இம்ப்ளான்ட்களைப் பார்த்தார்கள். பிபி மாத்திரை எடுத்தவர்களிடம் 99.4 சதவீதம் நிலைத்திருந்தது, எடுக்காதவர்களிடம் 95.9 சதவீதம். இது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, மாத்திரைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "பிபிக்காரருக்கு எலும்பு பிடிக்காது" என்ற பேச்சுக்கு இது நேர் எதிரான சாட்சி. டெல்மிசார்டன் அந்த ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. எலும்புக்காக அதை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஆலமரநிழல்:

நீர் போக்கும் மாத்திரை எலும்பைக் கரைக்கும் என்கிறார்களே? என் கணவருக்குக் குளோர்தாலிடோன் கொடுத்திருக்கிறார்கள்.

நுண்ணோக்கி:

அம்மா, நீர் போக்கும் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு வகை கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும். ஆல்ஹாட் என்ற பெரிய பிபி ஆய்வின் தரவை 2017இல் மறுபடி அலசியதில், குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு, அதில் ஒப்பிட்டுப் பார்த்த மற்ற இரண்டு பிபி மருந்துகளை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஃபுரோசமைடு வகைதான் கால்சியத்தை வெளியே தள்ளும். அதையும் இதயம், சிறுநீரகம் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நாமாக நிறுத்தக் கூடாது.

மருதநிலா:

மாத்திரையை நிறுத்துவது பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் அத்தைக்குக் கடைவாய்ப்பல் எடுக்க நாள் குறித்திருந்தார்கள். மாத்திரை போட்டால் ரத்தம் நிற்காது என்று யாரோ சொல்ல, முந்தின நாளே பிபி மாத்திரை, ஆஸ்பிரின் இரண்டையும் விட்டுவிட்டார். அங்கே போனதும் 190/112. பல்லை எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீழ் இருந்த பல் அது. அடுத்த வாரத்துக்குள் கன்னம் வீங்கி, அதற்கு வேறு ஆன்டிபயாட்டிக், வேறு அலைச்சல். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.

ஈறும்எலும்பும்:

மருதநிலா சொன்னதை நான் இரண்டு மடங்கு அழுத்தமாகச் சொல்வேன். பிபி மாத்திரை ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. விட்டால்தான் கசிவு அதிகம், ஏனென்றால் அழுத்தம் கூடக்கூட உறைவு நிலைப்பது கடினம். 180/110க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் பொதுவான நடைமுறை. உங்கள் அத்தையைத் திருப்பி அனுப்பியது அதனால்தான்.

ஆஸ்பிரினும் அப்படித்தான். ஒரு பல் எடுப்பதற்காக அதை நிறுத்தச் சொல்வது பழைய பழக்கம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் அந்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பல் குழியில் கசிவு வந்தால் பஞ்சை வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கலாம், தையல் போடலாம், ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் நனைத்த பஞ்சு வைக்கலாம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வரும் ரத்தத்தை நிறுத்த எங்களிடம் நிறைய வழி இருக்கிறது. மூளையிலும் இதயத்திலும் வரும் அடைப்புக்கு அப்படி இல்லை.

இன்னொரு பயம் மரத்துப்போகும் ஊசியில் இருக்கும் அட்ரினலின். 1.8 மில்லி குப்பி ஒன்றில், லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில், 0.018 மில்லிகிராம் இருக்கும். இதய நோய், பிபி உள்ளவர்களுக்கு 0.04 மில்லிகிராமுக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டு குப்பிக்குள் நிறுத்திக்கொள்வோம். சரியாக மரக்காமல் வலியில் துடித்தால் உங்கள் உடலே அதைவிட அதிக அட்ரினலினைக் கொட்டும். ஊசி வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். புரோப்ரனலால் என்ற பிபி, இதய மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேர்விட்டவன்:

நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். பிபியால் எலும்பு ஆறவில்லை என்கிறீர்கள். ஆறாத எலும்பால்தான் பிபியே வருகிறது என்று நிறையப் படித்திருக்கிறேன். பல் எடுத்த இடத்தில் ஈறு மூடினாலும் உள்ளே எலும்பு அழுகிப் பொந்தாக நிற்குமாம், அதிலிருந்து விஷம் ரத்தத்தில் கலக்குமாம். அதைத் திறந்து சுரண்டி எடுத்துவிட்டால் பிபி, தலைவலி, சோர்வு எல்லாம் போய்விடும் என்கிறார்கள். தென்றல்காற்று அந்தக் கறுப்பு இடத்தை அப்படிச் சுத்தம் செய்வது நல்லது.

ஈறும்எலும்பும்:

நண்பரே, நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இதை நான் அப்படியே விட முடியாது. இரண்டு மாதம் ஆன, வலியில்லாத, ஈறு மூடிய ஒரு குழியைத் திறந்து சுரண்டினால் என்ன ஆகும்? இப்போதுதான் வந்திருக்கும் இளம் எலும்பு போகும். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். கீழ்த்தாடையில் உதட்டுக்குப் போகும் நரம்பு அந்த வேர்களுக்கு அடியில்தான் ஓடுகிறது. அது காயப்பட்டால் பாதி உதடு நிரந்தரமாக மரத்துப்போகலாம். இவ்வளவு விலை கொடுத்து பிபி குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

நிஜமாகவே தாடை எலும்பு அழுகும் நோய்கள் இருக்கின்றன. அவை வலி, சீழ், வீக்கம், வெளியே தெரியும் எலும்பு என்று ஏதாவது ஓர் அடையாளத்தோடு வரும். நான் முன்பு சொன்ன எலும்பு மருந்துகள் எடுத்தவருக்கு எட்டு வாரத்துக்கு மேலும் எலும்பு மூடாமல் வெளியே தெரிந்தால் அது தனி நோய், உடனே பார்க்க வேண்டியது. படத்தில் தெரியும் கறுப்பு மட்டும் அதற்குச் சமமாகாது.

நுண்ணோக்கி:

வேர்விட்டவன் சொன்னதில் ஒரு நுனி உண்மை இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வாயில் நீண்ட நாள் அழற்சி இருந்தால் பிபி கொஞ்சம் ஏறலாம். 2019இல் பிபியும் ஈறு நோயும் சேர்ந்து இருந்த 101 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள், மற்றவர்களுக்கு மேலோட்டமாக. இரண்டு மாதத்தில் முதல் குழுவுக்கு மேல் அழுத்தம் சுமார் 11 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் மீதமிருக்கும் பற்களின் ஈறைப் பார்த்துக்கொள்வது நல்ல காரியம். அம்லோடிபின் எடுப்பவர்களுக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு, அழுக்கு சேரச்சேர அது கூடும்.

வேர்விட்டவன்:

சரி, நரம்பு விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

கானல்வரி_9:

எனக்குப் பல் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஈறிலிருந்து கூர்மையாக ஏதோ வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கில் குத்துகிறது. பிபி உண்டு. இதுவும் ஆறாததன் அறிகுறியா?

ஈறும்எலும்பும்:

பெரும்பாலும் சின்ன எலும்புச் சில்லு. உடல் தேவையில்லாததை வெளியே தள்ளுகிறது. தானாக விழும், இல்லாவிட்டால் எடுத்தவரிடமே போனால் நிமிடத்தில் எடுத்துவிடுவார். நீங்களாக நோண்ட வேண்டாம்.

ஆலமரநிழல்:

வலி மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே. பிபி இருந்தால் எது எடுக்கலாம்?

மருந்துப்பெட்டி:

மருந்தாளுநர் நான், இதற்குப் பதில் சொல்லலாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். டெல்மிசார்டன் போன்றவற்றின் வேலையையும் மங்கச் செய்யும். டெல்மிசார்டன் வகை, நீர் போக்கும் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, அதுவும் வயதானவர்களுக்கு, சரியாகத் தண்ணீர் குடிக்காத நேரத்தில். பல் எடுத்த அன்று வாய் வலியால் தண்ணீர் குறைவாகத்தானே குடிப்போம்? அதனால்தான் இதைச் சொல்கிறேன். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இரண்டு மூன்று நாள் டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம், பிபியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

பொதுவாக பாராசிட்டமால் முதல் தேர்வு. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகையை மட்டும் தவிர்க்கலாம், அதில் சோடியம் அதிகம். பாராசிட்டமாலையும் வாரக்கணக்கில் முழு அளவு எடுக்கக் கூடாது. பிபி உள்ளவர்கள் தினம் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் எடுத்தபோது மேல் அழுத்தம் 5 புள்ளி போல ஏறியதாக 2022இல் ஓர் ஆய்வு வந்தது.

வலி ஒரு சேதியும் சொல்லும். முதல் நாள் இருந்து குறைந்துகொண்டே வரும் வலி இயல்பு. இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் திடீரென்று ஏறி, காது வரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் வந்தால் உறைவு விழுந்து குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் பல் டாக்டரிடம் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைத்தால் வேகமாகத் தணியும். கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கும் புகைப்பவர்களுக்கும் இது அதிகம். காய்ச்சல், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தென்றல்காற்று:

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு வருந்துகிறேன், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன். எச்பிஏ1சி 6.3. சர்க்கரை இன்னும் எல்லைக்கோட்டில்தான், ஆனால் இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டார் குடும்ப டாக்டர். வீட்டு பிபிக் குறிப்புகளைக் காட்டினேன். அம்லோடிபினை மாற்றவில்லை, டெல்மிசார்டனை மட்டும் 80 ஆக்கியிருக்கிறார். பல் டாக்டரிடமும் போனேன். நுண்ணோக்கி எழுதியதைச் சொன்னதும் அவர் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். "பிபி வேறு" என்று அவர் சொன்னது இம்ப்ளான்ட் வைக்கும் அன்று பிபி எகிறினால் என்ன செய்வது என்ற கவலையில்தானாம், எலும்பைப் பற்றி இல்லையாம். இவ்வளவு நாள் வேறு மாதிரி நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.

இன்னும் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அப்போது அதே மாதிரி எக்ஸ்ரே போதுமா?

ஈறும்எலும்பும்:

6.3 எல்லைக்கோட்டு எண்தான், இம்ப்ளான்ட்டுக்குத் தடை இல்லை. கவலை வேண்டாம்.

சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம், உயரம் தெரியும், அகலம் தெரியாது. உங்களுக்கு உள்வாங்கியிருப்பது அகலம். அதனால் சிபிசிடி என்ற முப்பரிமாணப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: பல் இருந்த எலும்பு மேட்டின் அகலம் எத்தனை மில்லிமீட்டர், நரம்புக்கு மேலே எவ்வளவு உயரம் இருக்கிறது, குழிக்குள் எலும்பு எவ்வளவு அடர்த்தி. அகலம் போதவில்லை என்றால் எலும்புத் துகள் வைத்து மேட்டை அகலப்படுத்த வேண்டியிருக்கும், அது ஆற இன்னும் சில மாதம் கூடும். அன்று காலை மாத்திரையை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, பிபி எடுக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார விடச் சொல்லுங்கள். 164 வந்த நாளில் நீங்கள் படியேறிப் போய் உடனே கையை நீட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தென்றல்காற்று:

ஆமாம் டாக்டர், மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. சிபிசிடி எடுத்ததும் அளவுகளை இங்கேயே போடுகிறேன்.